பத்து மில்லிநொடி

மூன்று விலைப்பட்டியல்கள் மேசைமேல்.
மின்விசிறிக்குப் பறந்துவிடாதபடி
ஒரு மக்காச்சோளக் கதிரைப் பாரமாக வைத்திருக்கிறாள் முட்டிண்டா.

"முதலாவது எடுங்கள், மலிவு" என்கிறார் கபெம்ப்வா.
"மின்சாரம் போனால் மின்கலத்துக்கு மாறப்
பத்தே மில்லிநொடி. கண்ணிமைக்கும் நேரம்கூட இல்லை."

உண்மைதான்.
கண்ணிமைப்பது ஒரு மாத்திரை என்றால்
ஒற்றெழுத்தின் அரையில் இது எங்கோ ஓரம்.
குறுகிப்போன மகரத்தின் காலுக்குள்ளும்
தேடத்தான் வேண்டும்.

ஆனால் உள்ளே ஒரு பம்பு
நிமிடத்துக்கு அறுபதாயிரம் சுற்றுச் சுற்றி
வெற்றிடத்தைக் காத்துக்கொண்டிருக்கிறது.
நூறு கோடித் துகளில் ஒரு துகள் நஞ்சைப்
பெயர் சொல்லிக் கூப்பிடும் கருவி அது.
போன மாதம் விளக்குகூட அணையவில்லை,
சற்றே கண்சிமிட்டியது, அவ்வளவுதான்.
நூற்று நாற்பத்து மூன்றாவது மாதிரியில்
கோடு அறுந்தது.
கட்டெட்டேயிலிருந்து வந்த மாவு லாரி
இரண்டு நாள் வாசலில் நின்றது.
ஓட்டுநர் அதன் அடியிலேயே தூங்கினார்.

மழை பொய்த்த ஆண்டு.
கரிபா ஏரி இறங்க இறங்க
லுசாகாவில் விளக்குகள் முறைவைத்து அணைகின்றன.
அதே வெயிலில் வாடிய கதிரில்தான்
பூசணமும் ஏறும்.
மாதிரிகள் குவிகிற பருவமும்
மின்சாரம் ஒளிகிற பருவமும் ஒன்றே.

இரண்டாவது பட்டியல்: எட்டு மணி நேரம் தாங்கும்.
விலையைப் பார்த்துக் கணக்கர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

சிட்டாலி கவ்வுமானியோடு வந்தான்.
தகட்டில் எழுதியிருப்பது ஒன்று,
கம்பி குடிப்பது வேறொன்று.
பம்பு கிளம்பும்போது மூன்று பங்கு தாகம், பிறகு அடங்கும்.
எழுதிக்கொண்டே வந்தான்.
பத்தேகாலுக்கு முள் திடீரென்று எகிறியது.
பம்பில்லை, கருவியில்லை.
கம்பியைப் பிடித்துக்கொண்டே நடந்தான்.
பக்கத்து அறையில், சிவப்புச் சொருகியில்,
டாக்டர் சிலேஷேயின் தேநீர்க் கெட்டில்.

"இதையும் சேர்த்தா வாங்குகிறோம்?" என்றார் கணக்கர்.
நெடுநேரம் யாரும் பேசவில்லை.

மூன்றாவது, விசித்திரமான பிறவி.
வருகிற மின்சாரத்தை அது நம்புவதே இல்லை.
வாங்கி, நேராக்கி, மறுபடி அலையாக்கித் தருகிறது.
இருக்கும்போதே இல்லாததுபோல் வாழ்வதால்
இல்லாமற்போகும்போது
மாறுவதற்கு அதனிடம் ஒன்றுமில்லை.
ஆனால் இருக்கிற பணத்துக்கு
அரை மணி நேர மின்கலம்தான் வரும்.

"அரை மணியில் என்ன செய்துவிட முடியும்?"

"ஓடுகிற மாதிரியை முடிப்பேன்.
எண்ணை எழுதுவேன். வால்வை மூடுவேன்.
பம்பு தன் கதியில் மெல்ல இறங்கி
நிற்கும்வரை பக்கத்தில் இருப்பேன்.
ஓடவைக்கும் பெட்டியை எல்லோரும் விற்கிறீர்கள்.
விழாமல் நிறுத்தும் பெட்டி எனக்கு வேண்டும்."

உறைபெட்டி டீசலுக்குப் போகட்டும்.
அது பொறுமைசாலி, கதவைத் திறக்காதவரை.

"மின்கலம் ஐந்து ஆண்டு" என்று உத்தரவாதத்தாளை நீட்டினார்.
அவள் சன்னலைத் திறந்து காட்டினாள்.
இந்த ஊர் அக்டோபருக்கு
அந்தத் தாளைப் படிக்கத் தெரியாது.
மூன்று என்று திருத்தி எழுதிக்கொண்டாள்,
மாற்றும் செலவையும் இப்போதே கேட்டு.

பெட்டி வந்து இறங்கிய நாள்
பதினொன்றரைக்கு மின்வெட்டு என்று அட்டவணை சொன்னது.
எல்லோரும் காத்திருந்தார்கள்.
வரவில்லை.
பன்னிரண்டாயிற்று. ஒன்றாயிற்று.
இத்தனை மாதம் அழையாமல் வந்த விருந்தாளி
இலை போட்ட நாளில் ஏமாற்றினான்.
பொறுக்காமல் சிட்டாலி போய்
பிரதான சுவிட்சைத் தானே இறக்கினான்.

விசிறி தளர்ந்தது. விளக்கு போனது.
இருட்டில் திரை மட்டும்.
கோடு
போய்க்கொண்டே இருந்தது.

பக்கத்து அறையிலிருந்து ஒரு குரல்:
"யாரங்கே? தண்ணீர் இன்னும் கொதிக்கவில்லை!"