அறை ஒலி, முப்பது வினாடி

முதல் வாரம் முழுக்கக் கேபிள் சுருட்டினோம்.
மேலே ஒரு வளையம், கீழே ஒரு வளையம்.
முறுக்கிச் சுருட்டினால் உள்ளே செம்பு அறும்,
அறுந்தது வெளியே தெரியாது,
படப்பிடிப்பின் நடுவில்தான் தெரியும் என்றான் தோர்னிக்கே.
எங்கள் பயிற்றுநர். இருபத்தாறு வயது.
என் தம்பிக்கும் தம்பியாக இருக்கலாம்.

குத்தாயிசி தொழிற்பயிற்சிக் கல்லூரி, மாலை வகுப்பு,
ஒலி, ஒளிப்பதிவு உதவியாளர், எட்டு மாதம்.
பாதிக் கட்டணம் வேலைவாய்ப்பு அலுவலகம் கட்டும்.
மீதியை நான் எப்படிக் கட்டினேன் என்பது
இந்தக் கவிதைக்கு வெளியே.

பத்ரி மினிபஸ் ஓட்டியவன்.
மைக் கம்பத்தைத் தலைக்கு மேல் ஏழு நிமிடம்
நடுங்காமல் பிடிப்பான்,
தூண்டில் போட்டுவிட்டு மீனை மறந்தவன் போல.
க்வந்த்சா கல்யாணப் பெண்களுக்குக் கொண்டை போட்டவள்.
இப்போது சீஸ் ரொட்டிக்கு ஆவி போடுகிறாள்:
நனைத்த பஞ்சைச் சூடாக்கி
ரொட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்தால்
திரையில் பசி எடுக்கும்.
ரொட்டி காலையிலேயே ஆறிவிட்டது.
மினுமினுப்புக்கு என்னவோ தடவியிருக்கிறது.
யாரும் தின்னக்கூடாது.
பத்ரி தின்றான்.

நான் மருந்துக்கடையில் பதினோரு வருடம்.
டாக்டர்களின் கிறுக்கலைப் படித்த கண்ணுக்கு
திரையில் ஓடும் ஒலி அலை
அச்சடித்த எழுத்து மாதிரி.

தேர்வுக்கு நிஜ வேலையே வந்தது.
கடன் கம்பெனி விளம்பரம், இருபது வினாடி.
ஐந்தே நிமிடத்தில் பணம்.
ஓர் அப்பா, ஓர் அம்மா, வாடகைக்கு ஒரு குழந்தை,
புது வாஷிங் மெஷினைச் சுற்றி நின்று சிரிக்க வேண்டும்.
மெஷினுக்குத் தண்ணீர் இணைப்பு கிடையாது.
அது ஓடும் சத்தத்தைப் பிறகு நான் சேர்ப்பேன்.

இடம் ஆற்றுக்கு அக்கரையில், நான்காம் மாடி, காலி வீடு.
இரண்டு நாளுக்கு மலிவாகக் கிடைத்தது.
யார் வீடு என்று ஒருவரும் கேட்கவில்லை.
நுழைந்ததும் இருட்டில் என் கை
தேடாமலே சுவிட்சைத் தொட்டது.
ஒரே வரைபடத்தை வைத்து ஊரெல்லாம் கட்டிய காலத்து வீடு.
எங்களுடையதும் இதேதான்.
அதே இடத்தில் சமையலறைச் சன்னல்,
அதே இடத்தில் குளியலறைக் கதவு.
எங்கள் கதவின் கீல் முனகும்,
எண்ணெய் விடுகிறேன் என்று ஒத்தார் ஆறு வருடம் சொன்னான்.
போன பிப்ரவரி வரை
எங்களுடையது.

எல்லாம் எடுத்து முடித்ததும் தோர்னிக்கே கத்தினான்:
அறை ஒலி! முப்பது வினாடி! யாரும் அசையாதீர்கள்!

பேச்சை வெட்டிய இடங்களில்
ஒட்டுப்போட வேண்டிய வெறும் சத்தம் அது.
ஒவ்வோர் அறைக்கும் ஒன்று உண்டு.
வேறோர் அறையின் மௌனத்தை இங்கே ஒட்டினால்
காது பிடித்துவிடும்.

பொத்தானை அழுத்தினேன்.
பதினோரு பேர் நின்றது நின்றபடி.
அப்பா பாதிச் சிரிப்பில். அம்மா ஒற்றைச் செருப்பில்.
ஹெட்போனுக்குள் முதலில் என் மூச்சு. அதை நிறுத்தினேன்.
பிறகு சுவருக்குள் யார் வீட்டுத் தண்ணீரோ இறங்கியது.
லிஃப்ட் ஒரு மாடியைத் தாண்டிப் போனது.
ரேடியேட்டர் நாக்குச் சப்பியது.
படம் மாட்டிய ஆணிகள் சுவரில் அப்படியே இருந்தன,
அவற்றுக்குச் சத்தமில்லை.

பன்னிரண்டாம் வினாடியில்
குளியலறைக் கதவு முனகியது.

இன்னொரு முறை எடுக்கலாம் என்று
நான்தான் சொல்லியிருக்க வேண்டும்.
பச்சைக் கோடு எகிறி அடங்குவதைப்
பார்த்துக்கொண்டே இருந்தேன்.

விடைத்தாளில் அவன் கையெழுத்து:
பன்னிரண்டில் கதவு. சுத்தமில்லை. எழுபத்தெட்டு.
தேர்ச்சி.

விளம்பரம் இப்போது பஸ் நிலையத்துத் திரையில் ஓடுகிறது,
ஒலியை அணைத்து வைத்திருக்கிறார்கள்.
அதே கம்பெனி அடுத்ததற்கும் கூப்பிட்டது,
நாளுக்கு எண்பது லரி, சாப்பாடும் உண்டு.
போகிறேன்.
பையில் பேட்டரி, டேப், ரொட்டி,
ஒரு சின்ன எண்ணெய்க் குப்பி.
எந்த வீடானாலும்
மைக்கை வெளியே எடுப்பதற்கு முன்
கதவு கதவாகப் போய்
கீலுக்கு ஒரு சொட்டு.