வலக்கன்னம்

மூன்று சொட்டு. நாலாவது விட்டால்
மாதக் கடைசிக்கு வராது.
சூலூர்பேட்டை ஃபேன்சி ஸ்டோரில்
பவுடர் டப்பாக்களுக்குப் பின்னால் கிடந்தது,
ஐந்நூற்று நாற்பத்தொன்பது ரூபாய்க்கு.
பழுப்புக் கண்ணாடிக் குப்பி,
உள்ளே தண்ணீர் மாதிரி ஒன்று.
வைட்டமின் சி சீரம்.
"வெளிச்சம் படாம வைங்க மேடம்" என்றான் கடைப்பையன்,
வெளிச்சத்துக்கே வேலைக்குப் போகிறவளிடம்.

ஆரம்பாக்கம் தாண்டிய சுங்கச்சாவடியில்
நான் நாலாம் நம்பர் கூண்டு.
வண்டிகள் வடக்கே போகும்.
அவற்றின் முகம் பார்க்க நான் தெற்கே திரும்பியிருப்பேன்.
சன்னல் மேற்கே.
இரண்டு மணிக்கு மேல் வெயில்
கட்டணம் கட்டாமல் உள்ளே வரும்,
ஆம்புலன்ஸ் மாதிரி,
எம்.எல்.ஏ. கார் மாதிரி.
நாலு வருஷம்.
இடக்கன்னம் அப்படியே இருக்கிறது.
வலக்கன்னம் எங்கள் குடும்பத்திலேயே இல்லாத நிறம்.

"அஞ்சு ரூபா எலுமிச்சம்பழத்தத் தேய்ச்சா ஆச்சு" என்றாள் அம்மா.
தேய்த்துக்கொண்டு ஷிப்டுக்குப் போனேன் ஒருநாள்.
வெயில் அதைப் பிடித்துக்கொண்டு
தோலை உரித்தது.

அதனால் இது.
ஓய்வறைக் கண்ணாடி முன்னால், முகம் கழுவி,
ஈரம் போகும்வரை காத்திருந்து, மூன்று சொட்டு.
காய்ந்த பிறகு சன்ஸ்கிரீன், அதுவும் கடன்.
துரு ஆணியை மோந்த மாதிரி ஒரு வாசனை.
வலப்பக்கம் மட்டும்.
"ஒக வைப்பேனா?" என்று கேட்டாள் ஐந்தாம் கூண்டு ரவணம்மா.
ஒரு பக்கம்தான், ரவணம்மா.
இன்னொரு பக்கத்துக்கு என்ன குறை?

ஆறு வாரம் பார்த்தேன்.
கன்னம் அப்படியேதான்;
குப்பிக்குள் இருப்பதுதான் நிறம் மாறிக்கொண்டிருந்தது.
வைக்கோல். பிறகு கடுங்காப்பி இல்லாத டீ.
எனக்குப் பதிலாக அது கறுக்கிறதோ என்னவோ.

வெங்கடாத்ரி சாரிடம் கேட்டு எதிர்ப்பக்கத்துக்கு மாறினேன்.
பதினோராம் கூண்டு, காலை ஷிப்டு,
சென்னைக்குப் போகிற வண்டிகள்.
எல்லாம் தலைகீழ் என்று கணக்குப் போட்டிருந்தேன்:
இனி இடக்கன்னம் கொஞ்சம் வாங்கட்டும்,
இரண்டும் ஒன்றாகிவிடும்.
முதல் நாள் ஆறரை மணிக்கு
பழவேற்காட்டு ஏரிப் பக்கமிருந்து எழுந்த வெயில்
நேராக வந்து உட்கார்ந்தது
வலக்கன்னத்தில்.

ரசீதின் பின்பக்கம் படம் வரைந்து பார்த்தேன்.
அம்புக்குறி, கூண்டு, சூரியன்.
எப்படித் திருப்பினாலும்
இந்த நாட்டில் வண்டிகள் இடப்பக்கம் ஓடும்வரை
என் சன்னல் என் வலக்கைப் பக்கம்தான்.
சிரிப்பு வந்தது. பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது.

அப்புறம்தான் கைகளைக் கவனித்தேன்.
ஃபாஸ்டேக்கில் பணம் இல்லாதவர்கள்,
ஸ்கேன் ஆகாதவர்கள், நீட்டுகிற கைகள்:
எல்லாம் வலக்கை.
சன்னலில் முழங்கை ஊன்றி
நெல்லூரிலிருந்து, ஓங்கோலிலிருந்து, அதற்கும் அப்பாலிருந்து
வெந்து வந்த கை.
ஸ்டியரிங் மேல் கிடக்கும் இடக்கையைப் பார்த்தால்
வேறு ஆளுடையது போலிருக்கும்.

கூடூரிலிருந்து எலுமிச்சை ஏற்றி வருகிறவர் கோட்டய்யா.
பணத்தோடு இரண்டு பழம் வைப்பார் சில நாள்.
நேற்று மேசை மேலிருந்த குப்பியைப் பார்த்து
என்ன அது என்றார், கண்ணாலேயே.
பின்னால் மூன்றே வண்டி.
மூடியைத் திறந்து
அவர் புறங்கையில் ஒரு சொட்டு விட்டேன்.
பதினெட்டு ரூபாய் இருக்கும்.
தேய்த்தார். மோந்தார். முகம் சுளித்தார்.
"இதுலோ நிம்மகாய வாசன லேதே!"

ராத்திரி முழுக்க எலுமிச்சை மூட்டைக்கு
முதுகு காட்டி ஓட்டி வந்தவர் சொன்னால்
சரியாகத்தான் இருக்கும்.
மீதிச் சில்லறையை அந்த ஈரக் கையில் வைத்தேன்.
குறுக்குக்கட்டை எழுந்தது.
லாரி போன பிறகும் கொஞ்ச நேரம்
கூண்டுக்குள் பழ வாசனை,
கன்னத்தில் வெயில்.
அடுத்த வண்டி ஆந்திரா பதிவெண்.
பேலன்ஸ் இல்லை.