காற்றறை

பன்னிரண்டு முட்டைகள்.
அபொட்ஸ்ஃபோர்டிலிருந்து மூஸ் ஜாவுக்கு
நான்கு நாள், இரண்டு லொறி, ஒரு மலைத்தொடர்,
கடைசியில் ரெஜைனா தபால் நிலையத்துச் சறுக்கு.
அந்தச் சறுக்கை எனக்குத் தெரியும்.
வாரத்தில் ஐந்து இரவு அதன் அடியில்தான் நிற்கிறேன்.
'உடையும், கவனம்' என்ற சிவப்புச் சீட்டைக்
கண் படித்து முடிக்குமுன்
கை பெட்டியைத் தள்ளிவிட்டிருக்கும்.

ஒன்றும் உடையவில்லை.
உடைந்திருந்தால் சுலபம், எறிந்திருப்பேன்.

குளியலறை விளக்கை அணைத்து
கதவிடுக்கில் துவாயை அடைத்து
போன் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாய்ப் பிடித்தேன்.
மழுங்கிய முனையில் தொப்பிபோல
ஒட்டியிருக்கவேண்டிய காற்றறை
ஏழு முட்டைகளில் கழன்று
ரசமட்டத்துக் குமிழாய் ஓடியது,
நான் சாய்த்த பக்கத்துக்கு எதிர்ப் பக்கமாய்.
குஞ்சு தன் முதல் மூச்சை எடுக்கும் அறை அது.
எந்தச் சுவரில் கதவென்று
அதற்கு யார் சொல்வது?

அனுப்பிய மார்லீன் ஃப்ரீசனோடு கதைத்தேன்.
"மழுங்கிய முனை மேலே. ஒரு நாள் வெளியே வை.
பிறகு அடையில். ஆறு நாள் திருப்பாதே.
ஒன்றும் செய்யாமல் இருக்க வருமா உனக்கு?"
மணிக்கு ஆயிரம் பெட்டி புரட்டுகிறவளிடம் கேட்கிறாள்.

கராஜில் முப்பத்தேழரைப் பாகை.
வெளியே ஏப்ரல் பனி அழுக்காய்க் கரைந்தது.
குகேந்திரன் கார்க் கதவை அறைந்து சாத்தினான்.
சண்டை பிடித்தேன்,
குசுகுசுத்த குரலில்.

நான்காம் இரவு
பக்கமெல்லாம் துளையிட்ட பெட்டியொன்று வந்தது.
இரண்டு கையாலும் ஏந்தி, குனிந்து வைத்தேன்.
பின்னால் பெட்டிகள் முட்டிக் குவிந்தன.
மேல்தட்டிலிருந்து டெரெக் எட்டிப் பார்த்தான்.
அடுத்ததை ஒரு கையால்தான் தள்ளினேன்.
அதற்கடுத்ததையும்.

ஏழாம் நாள்:
இரண்டு வெறுந்தெளிவு. ஒன்றில் இரத்த வளையம்.
மீதி ஒன்பதில் சிலந்திக் கால் நரம்புகள்,
நடுவில் துள்ளும் ஒரு கறுப்புப் புள்ளி.
காற்றறைகள் சேணம்போலக் கோணலாய்ச் சரிந்து,
ஆனால் நின்றிருந்தன.
ஓட்டின்மேல் பென்சிலால்
அவற்றின் கரையை வரைந்தேன்.
தீவுப் படம் வரையும் பிள்ளைக்கும்
இவ்வளவு கை நடுங்காது.

இருபத்தோராம் நாள் மாலை
உள்ளிருந்து தட்டும் சத்தம்.
எனக்கு ஒன்பது மணிக்கு வேலை.
போனேன்.

விடிய வந்து பார்க்க
ஐந்து குஞ்சுகள், ஈரமாய், ஒன்றையொன்று மிதித்தபடி.
மூன்று முட்டைகளில் சத்தமில்லை.
ஒன்பதாவது, நான் கோடு போடாத கூர்முனையில்
ஓட்டை உடைத்திருந்தது.
பயறளவு துளை. அதில் அலகு நுனி
திறந்து, மூடி, திறந்து.
உரித்துவிட்டால் இரத்தம் பெருகும்.
விட்டால்,
தெரியாது.

சீருடை கழற்றாமல்
கவிழ்த்த வாளியில் உட்கார்ந்தேன்,
இரண்டு கைகளையும்
தொடைக்கடியில் அழுத்தி வைத்துக்கொண்டு.
ஆறு நாற்பது.
ஏழு பத்து.