மயிரிழை

ஹல் துறைமுகத்தில், ஹெஸல் சாலையில்,
மீன் வாடைக்கும் ரொட்டி வாடைக்கும் நடுவே
நான் வேலை பார்த்த இசைத்தட்டுக் கடை.
எழுபத்து நான்கு, நவம்பர்.

கல்லாவுக்கு அடியில் ஒரு நோட்டு.
ஒவ்வொரு தட்டு விற்றதும்
அதன் எண்ணை அதில் எழுத வேண்டும்.
சனிக்கிழமை மாலை தபாலில் லண்டன் போகும்.
லண்டனில் யாரோ கூட்டுவார்கள்.
செவ்வாய் மதியம் ரேடியோ சொல்லும்,
இந்த வாரம் நாடு எதைக் காதலித்ததென்று.

அந்த மாதம் இரண்டு பாட்டுகள்.
ஒன்று, வானிலை வாசிக்கும் மனிதர்
ஒரு வாத்தோடு சேர்ந்து பாடியது.
வாத்து நன்றாகவே பாடியது.

மற்றது மேவிஸ் ஆஸ்கித் பாடியது.
முதன்முதலாக ஊசியை வைத்தபோது
கடையில் ஆறு பேர்; ஒருவரும் இருமவில்லை.
நவம்பரில், ஹல்லில், ஒருவரும் இருமவில்லை.
இரண்டாம் சரணத்தில் ஒரு சொல்லைப்
பாதியில் விட்டு மூச்சு வாங்குவாள்.
பிழைதான். யாரோ வெட்டாமல் விட்டிருந்தார்கள்.
அந்த மூச்சுக்காகவே மறுபடி போடச் சொல்வாள்
மீன் ஆலையிலிருந்து வரும் பெரில் ஸ்டேதர்ஸ்,
ஈரக் கையுறையோடு சில்லறையை எண்ணியபடி.

புதன்கிழமை வாத்துக் கம்பெனி ஆள் வந்தார்,
மிஸ்டர் பௌல்டிங், ஒட்டக நிறக் கோட்டு.
மேசைமேல் ஒரு ஹேர் டிரையர் வைத்தார்.
ஆரஞ்சு நிறம், பிரிக்காத பெட்டி.
"ஈரத் தலையோடு அலையாதே, சளி பிடிக்கும்."
நோட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.
பேசியிருந்தால் மறுத்திருப்பேன் என்று
இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

கடை அடைத்தபின்
வாத்தின் எண்ணைப் பத்தொன்பது தடவை எழுதினேன்.
நடுவில் பேனாவை மாற்றினேன்.
காலை அவசரம், மாலை அலுப்பு,
எல்லாவற்றையும் கையெழுத்தில் நடித்தேன்.

செவ்வாய். வாத்து முதலிடம். மேவிஸ் இரண்டு.
மயிரிழையில் தவறியது என்றது ரேடியோ.
பின்அறையில், மழையில் நனைந்த தலையை
உலர்த்திக்கொண்டிருந்தேன்.
இரைச்சலில் பாதிதான் கேட்டது.
அந்தப் பாதி போதும்.

அதற்கடுத்த வாரம்தான் கப்பல்கள் திரும்பின.
மூன்று வாரம் ஐஸ்லாந்துக் கடலில்
கயிற்றில் பனி உறைய உறைய
மேவிஸைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள்.
வெளிர்நீல சூட்டு, பை நிறையச் சம்பளம்,
வாசல் தாண்டியும் வரிசை.
பாட்டின் பெயர் ஒருவனுக்கும் தெரியவில்லை.
"அந்த மூச்சு விடுகிற பாட்டு" என்றான் ஒருவன்,
மணிக்கட்டெல்லாம் உப்புக் கொப்புளம்.
ஒரே மதியத்தில் அறுபத்து நான்கு தட்டுகள்.
ஒன்று விடாமல் எழுதினேன்.
அதற்குள் நாடு வேறெங்கோ போயிருந்தது.
ஏழாம் இடம், இருபத்தாறு, பிறகு இல்லை.
வாரத்தைக் கூட்டுகிறவர்களுக்குக்
கடல் என்று ஓர் ஊர் இருப்பது தெரியாது.

நாட்டில் நூற்றுக்கணக்கில் கடைகள்.
என் பத்தொன்பது என்ன பெரிய பத்தொன்பது?
எனக்கும் கணக்குத் தெரியும்.
எத்தனை கல்லாக்களில் எத்தனை ஹேர் டிரையர்கள்
இறங்கினவோ, அதுதான் தெரியாது.
வாத்தை வெறுக்கவும் முடியவில்லை.
என் மகன் முதன்முதலாகச் சிரித்தது
அதைக் கேட்டுத்தான்.

தொண்ணூற்றொன்றில் பெரிலின் இரண்டாம் கல்யாணம்,
பிரிட்லிங்டனில், கடலைப் பார்த்த ஒரு ஹோட்டல்.
கூலிக்குப் பாட வந்திருந்தாள் மேவிஸ்.
"இரண்டாம் இடம் வரை நடந்துபோன பாட்டு,
கால் வலித்துவிட்டது" என்றாள். சிரித்தார்கள்.
அதே சரணம், அதே சொல், அதே இடத்தில் மூச்சு.
இப்போது வேண்டுமென்றே.

முடிந்ததும் அவள் எதிரே போய் நின்றேன்.
சொல்ல வேண்டியதைப் பதினேழு வருஷமாக
மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.
அவள் என் தலையைத்தான் பார்த்தாள்.
"என்ன அழகான முடி! எப்படிப் பராமரிக்கிறாய்?"

"அது வந்து" என்று தொடங்கி
பாதியில் விட்டு
மூச்சு வாங்கினேன்.