எண்பதுக்கு மேல்

எழுபது வரை ஒன்றுமில்லை.
எழுபத்தெட்டில் லேசாக,
சட்டைப்பையில் போன் அதிர்கிற மாதிரி.
எண்பத்தைந்தில்
இரண்டு கைக்குள்ளும் பிடிபட்ட நண்டு.
நூறைத் தாண்டினால் அடங்கிவிடுகிறது.
அதற்காக, ஆடு குறுக்கே விழும்
சத்திரக்குடி ரோட்டில்
நூறிலேயே போய்க்கொண்டிருக்க முடியுமா.

பின்சீட்டில் நாசிக்கிலிருந்து வந்த குடும்பம்.
பெரியவர் வாய் திறந்து தூங்குகிறார்.
சீட் அதிரவில்லை என்று அர்த்தம்.
அப்போது பின்சக்கரம் இல்லை.
பிரேக்கைத் தொட்டுப் பார்த்தேன்,
ஆட்டம் கூடவில்லை. டிஸ்க் இல்லை.
நியூட்ரலில் ஓடவிட்டேன்,
அப்போதும் ஆடியது. இன்ஜின் இல்லை.
ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்ததில்
மிஞ்சியது முன்சக்கரம் இரண்டும்
என் கை இரண்டும்.

அப்பாவுக்கு ஐம்பத்தொன்றில் தொடங்கியது.
ஒரு பொத்தானோடு கால்மணி நேரம்
கண்ணாடி முன் நிற்பார்.
எனக்கு நாற்பத்தாறு.

உச்சிப்புளியில் டீக்கு நிறுத்தினேன்.
தண்ணீர் பாட்டிலை நெஞ்சுக்கு நேரே நீட்டி
நூறு வரை எண்ணினேன்.
"என்னண்ணே, பாட்டில் மேல சத்தியம் பண்றீக?"
என்றான் டீ ஆற்றுகிறவன்.
தண்ணீர் அசையவில்லை.
அசைந்ததோ என்னவோ,
கச்சான் வீசிக்கொண்டிருந்தது.

மறுநாள் பட்டணம்காத்தான்.
சக்கரம் சமன் பார்க்கிற கடை.
மெஷினில் நின்றவள் சகாய நிர்மலா.
"எத்தனையில ஆடுது?"
சொன்னேன்.
"திருப்புறப்ப சத்தம்?"
இல்லை.
"ஒரு பக்கம் இழுக்குதா?"
இல்லை.
கையைப் பற்றி அவள் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

வலது முன்சக்கரத்தைக் கழற்றிப் புரட்டியதும்
சிரித்துவிட்டாள்.
ரிம்மின் உள்பக்கம்
அடைபோல் அப்பிக் காய்ந்த சேறு,
ஓரமெல்லாம் உப்புப் பூத்து.
"வண்டியக் கடல்லயா கழுவுனீக?"

போன மாதம் ஒரு ராத்திரி.
மச்சினன் நம்புகுமாரின் வள்ளம்
சொன்ன நேரத்துக்குத் திரும்பவில்லை.
போன் எட்டவில்லை.
அழகன்குளத்துக்குக் கிழக்கே
வைகை கடலைத் தொடும் சதுப்பில்
அச்சு முங்க வண்டியை இறக்கி
ஹெட்லைட்டைத் தண்ணீர்மேல் போட்டுவிட்டு
விடிய விடிய உட்கார்ந்திருந்தேன்.
பாட்டரி தீராமலிருக்க
அரைமணிக்கு ஒருதரம் இன்ஜினை எழுப்பிக்கொண்டு.
நாலேகாலுக்கு வந்தான், துடுப்புப் போட்டு.
"லைட்டு கண்ணக் கூசுது, அமத்துங்க" என்றான்.
அதுதான் முதல் வார்த்தை.
சேற்றிலிருந்து வண்டியை மீட்க
டிராக்டருக்குக் கொடுத்த ஆயிரத்து இருநூறில்
பாதியைக் கேட்டேன்.
அதிலிருந்து பேச்சில்லை.

நிர்மலா ஸ்க்ரூடிரைவரால் நெம்பினாள்.
அந்த ராத்திரி
துண்டு துண்டாக விழுந்தது தகர டப்பாவில்.
பிறகு சுற்றவிட்டாள்.
இன்னும் முப்பது கிராம் என்றது மெஷின்.
பழைய ஈயக்கட்டி இருந்த இடத்தில்
துருவின் தடம் மட்டும்.
"உப்புக்காத்துல கிளிப்பு நிக்காது" என்று
புதியதைத் தட்டி இறக்கினாள்.
சுற்றினாள்.
பூஜ்யம்.
இருநூற்றைம்பது ரூபாய்.

முப்பது கிராம். ஒரு எலுமிச்சம்பழம்கூட வராது.
அதற்கா நான்
மூன்று ராத்திரி கையை வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தேன்.

திரும்பும்போது ரோடு காலி.
எழுபத்தெட்டு. ஒன்றுமில்லை.
எண்பத்தைந்து. தொண்ணூறு.
கறுப்பு வட்டம் தன் இடத்தில் அப்படியே நிற்கிறது,
இருபுறமும் கருவேலங்காடு வழிந்தோட.

நம்புகுமாருக்குப் போன் போடலாமா என்று தோன்றியது.
அறுநூறு ரூபாய் ஞாபகம் வந்தது.

இடதுகையை எடுத்து மடியில் வைத்தேன்.
குனிந்து அதைப் பார்க்கவில்லை.
முன்னால் கருவாட்டு லாரி,
தார்ப்பாய் ஒரு முனை அவிழ்ந்து அடித்துக்கொண்டு.
ஹாரன் கொடுத்தேன்.