மட்டக் குழாய்

மஸ்கெலியாவில் எங்கள் கல்லூரி மைதானத்துக்கு
மேல் கோல், கீழ் கோல் என்று இரண்டு.
நடுவில் ஐந்தடி இறக்கம்.
சேர்ந்த முதல் வாரமே அளந்தேன்,
மேசன் செபமாலையிடம் இரவல் வாங்கிய மட்டக் குழாயால்.
"அளந்து என்ன செய்யப் போறீங்க மாஸ்டர்?"
அதிபருக்குச் சொல்லப் பதில் இல்லை.
பத்தொன்பது வருடம்
அந்த ஐந்தடிக்குத்தான் சம்பளம் வாங்கினேன்.

டொஸ் வென்றால் முதல் பாதி ஏறுங்கள் என்பேன்,
மூச்சு இருக்கும்போதே.
பிற்பாதியில் பந்து தானே இறங்கும்.
சொந்த மண்ணில் எங்களை எவரும் வென்றதில்லை
என்று எழுத ஆசை.
நாவலப்பிட்டிக்காரர்கள் வென்றார்கள். இரண்டு முறை.

வெளியில்தான் தெரிந்தது கதை.
குருநாகலில் மைதானம் பாய் விரித்த மாதிரி.
புவிராஜ் தள்ளிய பந்தெல்லாம்
ஓரடி முன்னால் நின்று அவனைத் திரும்பிப் பார்த்தது.
ஏழுக்குப் பூச்சியம்.
பஸ்ஸில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.
கினிகத்தேனை வளைவுகள் தொடங்கியதும்
பின் சீட்டில் எவனோ தகரத்தில் தாளம் தட்டினான்.
நான் திட்டவில்லை.

அடுத்த வருடம் மழை பொய்த்தது.
நீர்த்தேக்கம் வற்றி
மூழ்கிய கோயிலின் தூண்கள் வெளியே வந்தன.
ஊர் கற்பூரத்தோடு போனது.
நான் குழாயோடு போனேன்.
வெடித்துக் காய்ந்த சேற்றில்
இந்த முனையிலும் அந்த முனையிலும்
தண்ணீர் ஒரே கோட்டில் நின்றது.
சாமி சத்தியமாக, கண் கலங்கிவிட்டது.

நாற்பத்திரண்டு நாள். மூங்கில் கோல்.
தள்ளு, நிறுத்து, தள்ளு.
புவிராஜுக்குப் பந்தின் எடை பிடிபட்டது.
கொழும்பில் புடவைக் கடை வேலைக்குப் போகவிருந்த கிஷோபன்
ஒரு மாதம் தவணை கேட்டு வந்து நின்றான், கையுறையோடு.

மே மாதம் வானம் உடைந்தது.
மூங்கில் கழிகள் முதலில் முழங்கால் வரை,
பிறகு காணோம்.
மாகாண அரையிறுதிக்குச் சீட்டுக் குலுக்கினார்கள்.
விழுந்தது எங்கள் மைதானத்துக்கே.

பிற்பாதியில், கீழ் கோலை நோக்கி,
புவிராஜ் தள்ளிய பந்தெல்லாம்
ஓரடி தாண்டிப் போனது.
இரண்டுக்கு ஒன்று.
கோட்டுக்கு வெளியே நின்று நான் சிரித்தேன்,
பையன்கள் இன்றுவரை மன்னிக்காத சிரிப்பு.

பென்சன் படிவத்தில் 'சாதனைகள்' என்று நான்கு வரி விட்டிருக்கிறார்கள்.
ஒன்றில் நாற்பத்திரண்டு என்று எழுதி
வெட்டிவிட்டேன்.

சாமான் அறையில் புது மாஸ்டர்,
சின்னப் பெண், பதுளைக்காரி,
ஆணியில் தொங்கும் குழாயைத் தொட்டுக் கேட்டாள்:
"இது எதுக்கு சேர்?"
மேசனுடையது என்றேன்,
திருப்பிக் கொடுக்க வேண்டும்.