மூன்றாம் களஞ்சியம்

மாங்குளத்தில் இருந்து ஒட்டுசுட்டான் றோட்டால
ரெண்டு கட்டை. இப்ப சிவப்புத் தடி நட்டிருக்கிற காணி.
பெயர்ப்பலகை ஒருநாளும் இருந்ததில்லை.
சாக்கொண்டில சுண்ணாம்பால 3 எண்டு எழுதித்
தொங்கவிட்டது நான்தான்.

சனிக்கிழமைகளில. நுழைய ஒரு கொத்து நெல்லு.
வவுனியாவில ரயிலேறி வந்த பெடியள்
நெல்லுக்கு எங்க போறதெண்டு முழிப்பினம்.
வாசலிலயே அவைக்கு நெல்லு வித்து
அதே நெல்லை வாங்கிக்கொண்டு உள்ள விட்டன்.

மில் இஞ்சின்தான் கரண்ட்.
எமில்தாஸ் தன்ர றம்மை அதின்ர மூச்சோட கட்டினான்.
டீசல் குறைஞ்சால் பாட்டு நடக்கும்,
நான் ஊத்தினால் ஓடும்.

எழுபத்தாறில ஒரு இரவு பெல்ற் அறுந்தது.
லைற் செத்தது. கிற்றார் செத்தது.
டெல்சி மட்டும் நிப்பாட்டேல்லை,
ஆஸ்பத்திரி நைற் டியூட்டிக்குப் போற வெள்ளைச் சட்டையோட.
எண்பது பேர் காலால நிலத்தை மிதிச்சு
விடியுமட்டும் இஞ்சினாய் நிண்டினம்.

எண்பதுதான். அதுக்கு மேல கொள்ளாது.
ரொறன்ரோவில, பாரிசில,
அண்டைக்கு உள்ள நிண்டனான் எண்டு சொல்லுறவை
ஆயிரத்தைத் தாண்டும்.
நான் ஆரையும் மறுக்கிறேல்லை.
கொத்து எங்க எண்டு மட்டும் கேப்பன்.

பெட்டிசம் போனது:
மாடு பால் மறுக்குதாம், பயிர் படுக்குதாம்.
ஏ.ஜி.ஏ. வந்தார். மூண்டு பாட்டு நிண்டு கேட்டார்.
'ஆபத்தானது' எண்டு எழுதினார்.
அடுத்த சனி சாறத்தோட வந்தார்,
கையில கொத்து.

பிறகு கூரைத் தகரம் பங்கருகளுக்குப் போனது.
எமில்தாஸ் எங்க எண்டு நான் ஒருத்தரிட்டயும் கேக்கேல்லை;
ஒரு பேரைக் கேட்டால்
மற்றப் பேருகளையும் கேக்கவேணும்.

நேற்று,
கவசம் போட்ட பிள்ளை தர்மிகாவின்ர கருவி கத்தினது.
குப்புறப் படுத்து, தூரிகையால,
விரற்கடை விரற்கடையாய் நாப்பது நிமிஷம்.
வந்தது றம்மின்ர பித்தளைத் தட்டு,
ஓரம் வெடிச்சு, பச்சை பூத்து.

கொப்பியில எழுதினாள்:
உலோகம். ஆபத்தற்றது.

நாடாவுக்கு இஞ்சால நிண்டு கத்தினன்:
பிள்ளை, பிழையாய் எழுதிறாய்!

முகக்கண்ணாடியை உயர்த்திப் பாத்தாள்.
கையுறையைக் கழட்டி
நடுவிரல் முட்டியால ஒருக்கால்,
ஒரேயொருக்கால்.

மேற்பார்வையாளர் விசிலடிச்சார்.
காணி முழுக்க எல்லாரும்
வேலையை நிப்பாட்டி அசையாமல் நிண்டினம்,
விதிப்படி.